வாத்து பிளேக் வைரஸின் உறைப் புரதங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கால்நடை நுண்ணுயிரியல் ஆய்வகம் ஒன்றில் சில ஆண்டுகள் இந்த வைரஸோடு மல்லுக்கட்டியவன் நான். முதுகலை மாணவர்கள் கேட்டவை, வாத்து வளர்ப்பவர்கள் போனில் கேட்டவை, வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் கேட்கப்பட்டவை எல்லாம் இங்கே கலந்து கிடக்கின்றன. வரிசையாகப் படிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

வாத்து பிளேக் என்பது எலியால் வரும் பிளேக்கா?

இல்லை. இரண்டுக்கும் பெயரில் மட்டும்தான் சொந்தம். எலி பிளேக் பாக்டீரியாவால் வருவது. வாத்து பிளேக்கை உண்டாக்குவது ஹெர்பெஸ் குடும்பத்து வைரஸ். நம் உதட்டோரம் கொப்புளம் போடும் வைரஸும் சின்னம்மை வைரஸும் இதற்குத் தூரத்து உறவு. கோழிகளுக்கு வரும் மாரெக்ஸ் நோயின் வைரஸ் இன்னும் நெருங்கிய பங்காளி; இரண்டையும் மார்டிவைரஸ் என்ற ஒரே பேரினத்தில் வைத்திருக்கிறார்கள்.

1923-ல் நெதர்லாந்தில் வாத்துகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. கோழிகளைக் கொல்லும் பறவைக் காய்ச்சல்தான் வாத்துக்குத் தாவிவிட்டது என்று அப்போது நினைத்தார்கள். போஸ் என்ற டச்சு ஆய்வாளர் 1942-ல் வேறு மாதிரி கண்டார். செத்த வாத்திலிருந்து எடுத்ததைக் கோழிக்குச் செலுத்தினால் கோழி பாட்டுக்குத் தீனி தின்றுகொண்டிருந்தது. வாத்து மட்டுமே விழுந்தது. அப்படியானால் இது வேறு வைரஸ். 'வாத்து பிளேக்' என்ற பெயர் 1949-க்குப் பிறகுதான் நிலைத்தது. 1967-ல் அமெரிக்காவின் லாங் ஐலண்டில் வெள்ளைப் பெக்கின் வாத்துப் பண்ணைகளில் வெடித்தது. 1973-ல் தெற்கு டகோடாவின் லேக் ஆண்டஸ் சரணாலயத்தில் குளிர்காலத்துக்கு வந்து தங்கியிருந்த காட்டு வாத்துகளில் 40,000-க்கும் மேல் செத்தன. இந்தியாவில் 1963-ல் மேற்கு வங்கத்தில் பதிவானது. 1976-ல் கேரளத்தில் பெரிய அளவில் தாக்கியது.

நோய் கண்ட வாத்தை ஒருமுறை பார்த்தவருக்கு மறக்காது. இமைகள் பீளையால் ஒட்டியிருக்கும், வெளிச்சம் கூசும், எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் இறக்கையை ஊன்றிக்கொண்டு நகரும், பச்சை நீராகக் கழியும். அறுத்துப் பார்த்தால் குடலில் மோதிரம் மோதிரமாகச் சிவந்த பட்டைகள், உணவுக்குழாயின் உட்சுவரில் மஞ்சள் பொருக்கு, கல்லீரலில் வெள்ளைப் புள்ளிகள்.

கோழிக்கு வருமா? நமக்கு?

இரண்டுக்கும் இல்லை. வாத்து, கூஸ் வாத்து, அன்னம் ஆகிய நீர்ப்பறவைகளோடு சரி.

'உறை' என்றால் வைரஸின் மேல்தோலா?

தோல் என்றால் வைரஸ் தானே வளர்த்துக்கொண்டது போல ஆகிவிடும். உண்மையில் அது திருட்டுச் சட்டை. நடுவில் மரபணு: இரட்டை இழை டிஎன்ஏ, சுமார் 1,58,000 எழுத்து இணைகள். அதைச் சுற்றி இருபது முகம் கொண்ட புரதக் கூடு. கூட்டைச் சுற்றி டெகுமென்ட் எனப்படும் புரதச் சேறு. எல்லாவற்றுக்கும் வெளியே கொழுப்புப் படலம். அந்தப் படலத்தை வைரஸ் வாத்தின் செல்லிலிருந்தே எடுத்துப் போர்த்திக்கொள்கிறது.

எடுக்கும் விதமும் விசித்திரமானது. கூடு செல்லின் உட்கருவில் தயாராகிறது. உட்கருவின் உள்சவ்வைப் போர்த்திக்கொண்டு கிளம்பும். வெளிச்சவ்வைத் தாண்டும்போது அந்தப் போர்வையைக் கழற்றிப் போட்டுவிடும். பிறகு செல்லுக்குள் புரதங்களைப் பொதிகட்டும் கால்ஜி உறுப்பின் பக்கம் போய் இன்னொரு சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வரும். கடைசியில் நிற்கும் அந்தச் சட்டையில் வைரஸின் சொந்தப் புரதங்கள் முள் முள்ளாகக் குத்தப்பட்டிருக்கும். அவைதான் உறைப் புரதங்கள்.

சட்டை கொழுப்பால் ஆனது என்பதால் ஈதரோ குளோரோஃபார்மோ பட்டால் வைரஸ் செயலிழந்துவிடும். சோப்புக் கரைசலும் அப்படித்தான். கூடு முழுசாக இருந்தாலும் பயனில்லை, கதவைத் தட்ட ஆளில்லை.

மொத்தம் எத்தனை உறைப் புரதங்கள்? ஜி-பி, ஜி-சி என்று ஏன் இப்படிப் பெயர்?

தடுப்பூசி ரகம் ஒன்றின் முழு மரபணு வரிசை 2009-ல் வெளியானபோது 78 புரதங்கள் இருக்கலாம் என்று கணித்தார்கள். அவற்றில் பத்துப் பன்னிரண்டு, உறையில் அமரும் கிளைக்கோபுரதங்கள், அதாவது மேலே சர்க்கரைச் சங்கிலி ஒட்டிய புரதங்கள். 'ஜி' அந்த கிளைக்கோவின் முதலெழுத்து. பின்னால் வரும் எழுத்து மனித ஹெர்பெஸ் வைரஸில் வைத்த பெயரை அப்படியே வாத்து வைரஸுக்கும் எடுத்துக்கொண்டது.

இந்தப் புரதங்களை எழுதும் ஜீன்களுக்கு, அதாவது டிஎன்ஏ துண்டுகளுக்கு, தனிப் பெயர் உண்டு. ஜி-பி யை எழுதுவது யுஎல்27, ஜி-சி யை யுஎல்44, ஜி-டி யை யுஎஸ்6, ஜி-ஐ யை யுஎஸ்7, ஜி-ஈ யை யுஎஸ்8. டிஎன்ஏவின் நீளப் பகுதியில் இருப்பவை யுஎல், குட்டைப் பகுதியில் இருப்பவை யுஎஸ். கட்டுரைகளில் இரண்டு பெயரும் மாறி மாறி வரும். முதல் வாரமே ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவிடுங்கள். நான் ஒட்டவில்லை, மூன்று மாதம் ஜி-எச் என்று நினைத்து ஜி-எம் கட்டுரையைப் படித்தேன்.

இவை ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கின்றன?

செல்லுக்குள் நுழைவதை எடுத்துக்கொள்வோம். முதலில் ஒட்ட வேண்டும். செல்லின் மேற்பரப்பில் ஹெபரான் சல்ஃபேட் என்ற சர்க்கரை இழைகள் புல் மாதிரி நிற்கும். ஜி-சி அதில் மாட்டிக்கொள்ளும். ஜி-சி இல்லாத வாத்து பிளேக் வைரஸைச் செய்து பார்த்தபோது செல்லில் ஒட்டுவது குறைந்தது, அடியோடு நிற்கவில்லை. ஒட்ட வேறு வழிகளும் அதற்கு இருக்கின்றன.

அடுத்து, செல்லின் ஏற்பியை, அதாவது வைரஸ் பிடித்துக்கொள்ளும் மேற்பரப்புப் புரதத்தை, பிடிப்பது. மனித ஹெர்பெஸ் சிம்ப்ளெக்ஸில் ஜி-டி நெக்டின்-1 போன்ற ஏற்பிகளைப் பிடிக்கிறது. பிடித்தவுடன் ஜி-டி யின் வடிவம் மாறும். அந்தச் சைகை ஜி-எச், ஜி-எல் ஜோடிக்குப் போகும். அந்த ஜோடி ஜி-பி யைத் தூண்டும். மூன்று மூன்றாகச் சேர்ந்து நிற்கும் ஜி-பி நிமிர்ந்து செல் சவ்வில் குத்தி, பிறகு மடங்கி, இரண்டு சவ்வுகளையும் இழுத்து ஒன்றாக்கும். ஹெர்பெஸ் வைரஸ்கள் எல்லாவற்றிலும் ஜி-பி அதிகம் மாறாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். இந்த வேலையைச் செய்ய வேறு ஆள் கிடையாது.

ஜி-எம்மும் ஜி-என்னும் இன்னொரு ஜோடி. தனியாக விட்டால் ஜி-என் சரியாக முதிர்வதில்லை, ஜி-எம் கூட இருக்க வேண்டும். ஜி-எல் இல்லாமல் ஜி-எச் ஒழுங்காக மடியாது. ஜி-ஈ, ஜி-ஐ கதையும் இதே ஜோடிக் கதை.

இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான ஆய்வேடுகள் ஒரு புரதத்தை மட்டும் பிடித்து 'இதன் பண்புகள்' என்று முடித்துவிடுகின்றன. இவை கூட்டாகச் சவ்வில் நின்று வேலை செய்பவை. தவில் வித்வானைத் தனியாக ஒரு அறையில் உட்கார வைத்து நாதஸ்வரக் கச்சேரியைப் பற்றி எழுதினால் எப்படி இருக்கும்?

ஜி-ஈ, ஜி-ஐ இரண்டைப் பற்றி மட்டும் ஏன் இத்தனை கட்டுரைகள்?

நுழைவதற்கு அவை தேவையில்லை, பரவுவதற்குத் தேவை. ஹெர்பெஸ் வைரஸ் வெளியே குதித்து மறுபடி நுழைவதை விட, பக்கத்து வீட்டுச் சுவரில் ஓட்டை போட்டு நேராக அங்கே போவதையே விரும்பும். அப்படிப் போனால் வழியில் ரத்தத்திலிருக்கும் எதிர்ப்புப் புரதமான ஆன்டிபாடியின் கண்ணில் படாது. அந்த ஓட்டை போடும் வேலையில் ஜி-ஈ/ஜி-ஐ ஜோடிக்குப் பெரிய பங்கு.

கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் பிளேக் சோதனை செய்யுங்கள். இங்கே பிளேக் என்பது நோயின் பெயரில்லை, செத்த செல்கள் விட்டுப்போன ஓட்டை. வாத்துக் கருவிலிருந்து எடுத்த நார்ச்செல்களைத் தட்டில் ஒரே விரிப்பாக வளர்த்து, வைரஸைப் போட்டு, மேலே மெத்தில் செல்லுலோஸ் கூழை ஊற்றி, சில நாள் கழித்துக் கிரிஸ்டல் வயலட் சாயம் ஏற்ற வேண்டும். ஊதாத் தரையில் வெள்ளை வட்டங்கள் தெரியும். இயல்பான வைரஸின் வட்டம் கடுகளவு என்றால், ஜி-ஈ நீக்கிய வைரஸின் வட்டம் குண்டூசி முனையளவு. நுழைந்த செல்லைக் கொன்றிருக்கிறது, அக்கம்பக்கத்துக்குப் போக முடியாமல் திணறியிருக்கிறது. ஒரு புரதத்தின் வேலையை இவ்வளவு எளிதாகக் காட்டும் சோதனை எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஜி-ஈ நீக்கினால் தடுப்பூசி ஆகிவிடுமா?

அந்த வழியில்தான் பலரும் போகிறார்கள். ஜி-ஈயோ ஜி-ஐயோ இல்லாத வாத்து பிளேக் வைரஸ் வீரியம் குறைந்து போகிறது. முன்னோடி பன்றிகளில் இருக்கிறது. அவுயெஸ்கி நோய் என்று பன்றிகளுக்கு ஒரு ஹெர்பெஸ் நோய். அதற்கான பார்த்தா என்ற பழைய தடுப்பூசி ரகம் ஹங்கேரியில் உருவானது. அதில் ஜி-ஈ இல்லை என்பது பின்னாளில் தெரியவந்தது. அதனால் ஒரு பெரிய வசதி: பன்றியின் ரத்தத்தில் ஜி-ஈக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தால் அது உண்மையான நோயைப் பார்த்த பன்றி, இல்லாமல் ஜி-பிக்கு மட்டும் இருந்தால் ஊசி போட்டுக்கொண்ட பன்றி. இப்படிப் பிரித்துப் பிரித்து நோயுள்ளவற்றை ஒதுக்கியே ஜெர்மனி 2003-ல் வளர்ப்புப் பன்றிகளில் அந்த நோய் இல்லை என்ற நிலைக்கு வந்தது.

வாத்துக்கும் அப்படி ஒரு ஜோடி, அதாவது ஜி-ஈ இல்லாத ஊசியும் ஜி-ஈக்கு எதிரான ஆன்டிபாடியை நிறமாற்றத்தால் காட்டும் எலைசா சோதனையும், சேர்ந்து வந்தால் மந்தையைப் பிரித்துப் பார்க்கலாம். தனித்தனியாக வந்தால் பெரிய லாபமில்லை. இப்படிப் பிரித்தறியும் குறியில்லாத பழைய உயிருள்ள தடுப்பூசி போட்ட வாத்தும், நோய் கண்டு தப்பிய வாத்தும் எலைசா தட்டில் ஒரே மஞ்சள்தான்.

ஈ.கோலையில் உறைப் புரதம் தயாரிக்க முயல்கிறேன். பட்டையே வரவில்லை. என்ன தவறு?

இந்தக் கேள்விதான் அதிகம் வரும், அதனால் நீளமாகவே சொல்கிறேன். வைரஸின் ஜீனை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்துப் புரதம் செய்யவைப்பார்கள்; புரதம் வந்திருந்தால் எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் அது பட்டையாகத் தெரியும்.

முழு நீள ஜீனைப் போட்டிருந்தால் அதுதான் முதல் தவறு. உறைப் புரதத்தின் முன்முனையில் அதைச் சவ்வுப் பக்கம் அனுப்பும் சமிக்ஞைத் துண்டு இருக்கும், வால் பக்கம் சவ்வுக்குள் புதையும் கொழுப்பு விரும்பிப் பகுதி இருக்கும். இரண்டும் பாக்டீரியாவுக்கு விஷம் மாதிரி. பாக்டீரியா வளராது, வளர்ந்தாலும் ஜீனைச் சுமக்கும் வட்ட டிஎன்ஏவான பிளாஸ்மிடை உதறிவிடும். சமிக்ஞைத் துண்டையும் சவ்வுப் பகுதியையும் வெட்டிவிட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை மட்டும் எடுங்கள். ஜி-எம், ஜி-கே போல சவ்வுக்குள் பலமுறை போய்வரும் புரதம் என்றால் இந்த வழியை விட்டுவிடுவதே நல்லது.

இரண்டாவது, கோடான். ஈ.கோலைக்குப் பழக்கமில்லாத மூன்றெழுத்துகள் இந்த வைரஸில் நிறைய. அவற்றைப் படிக்கும் அரிய டிஆர்என்ஏக்களைக் கூடுதலாகத் தரும் ஈ.கோலை ரகத்தை வாங்குங்கள், அல்லது கோடான்களை மாற்றி ஜீனைச் செயற்கையாகச் செய்து வாங்குங்கள். இப்போது செலவு அவ்வளவு ஆகாது.

இவ்வளவும் செய்தால் பட்டை வரும், ஆனால் கரையாத உருண்டைகளாக வரும். இதற்கு அழ வேண்டாம், எல்லோருக்கும் இப்படித்தான். 8 மோலார் யூரியாவில் கரைத்து, புரதத்தைப் பிடித்துவைக்கும் நிக்கல் பத்தியில் ஏற்றி, இமிடசோலால் இறக்கினால் ஜெல்லில் அழகான தடித்த பட்டை. அங்கேதான் நான் ஏமாந்தேன். பட்டையைப் பார்த்த சந்தோஷத்தில் புரதத்தை டயாலிசிஸ் பையில் போட்டு, யூரியாவே இல்லாத உப்புக் கரைசலில் குளிர்பெட்டியில் இரவு முழுக்க விட்டுவிட்டுப் போனேன். காலையில் வந்து பார்த்தால் பையின் அடியில் மோர் திரிந்தது போல வெள்ளை வெள்ளையாக. மூன்று வாரத்து வேலை. அப்புறம் 6, 4, 2, 1 என்று யூரியாவைப் படிப்படியாகக் குறைத்து, கரைசலில் கொஞ்சம் ஆர்ஜினினும், ஆக்சிஜனேற்றிய, ஏற்றாத குளுட்டாதயோன் இரண்டையும் சேர்த்தபோது பாதியாவது தெளிவாக நின்றது.

தெளிவாக நின்றதாலேயே அது சரியாக மடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. முயலுக்கு ஊசி போட்டு ஆன்டிபாடி எடுக்க அது போதும். ஜெல் பட்டையை ஆன்டிபாடியால் அடையாளம் காணும் வெஸ்டர்ன் பிளாட்டுக்குப் போதும். வைரஸைச் செயலிழக்கச் செய்யும் நடுநிலையாக்கும் ஆன்டிபாடியை எதிர்பார்த்தால் கிடைக்காமல் போகலாம். அந்த ஆன்டிபாடிகளில் பல புரதத்தின் முப்பரிமாண வடிவத்தைத்தான் பிடிக்கும். எழுத்து வரிசையைப் பிடிக்காது.

சர்க்கரைச் சங்கிலி இல்லாமல் போனால் என்ன?

ஈ.கோலை இந்தப் புரதத்தில் சர்க்கரையை ஒட்டாது. ஆகவே நீங்கள் கையில் வைத்திருப்பது உரித்த வாழைப்பழம். வெஸ்டர்ன் பிளாட்டில் வித்தியாசம் உடனே தெரியும்: பாக்டீரியாவில் செய்தது கணக்குப்படியான எடையில் வரும், தொற்றிய வாத்துச் செல்லிலிருந்து எடுத்தது அதைவிட மேலே, கொஞ்சம் மங்கலாகப் பரந்து நிற்கும். தொற்றிய செல் சாற்றைச் சர்க்கரைச் சங்கிலியை வெட்டும் பிஎன்ஜேஸ்-எஃப் நொதியில் ஊறவைத்து ஓட்டுங்கள், பட்டை கீழே இறங்கும். முதிராத சங்கிலியை மட்டும் வெட்டும் எண்டோ-எச் நொதியில் ஊறவைத்தும் இறங்காத பகுதி இருந்தால் அது கால்ஜியைத் தாண்டி முதிர்ந்த புரதம். ஒரே ஜெல்லில் மூன்று குழிகள், புரதம் செல்லுக்குள் எந்த ஊர் வரை போய்வந்தது என்று தெரிந்துவிடும். பணம் இருந்தால் பூச்சிச் செல்லிலோ பாலூட்டிச் செல்லிலோ தயாரியுங்கள். ஜோடிப் புரதங்களை ஒன்றாகவே போடுங்கள்.

எலைசாவில் ஆரோக்கியமான வாத்தும் பாசிட்டிவ் காட்டுகிறது. நோய் கண்ட வாத்து நெகட்டிவ் காட்டுகிறது. ஏன்?

முதல் பாதிக்குக் காரணம் பெரும்பாலும் ஈ.கோலைதான். சேற்றில் அலகை விட்டு மேயும் பறவைக்கு ஈ.கோலைக்கு எதிரான ஆன்டிபாடி இல்லாமல் இருக்குமா? உங்கள் புரதத்தில் மிச்சமிருக்கும் பாக்டீரியாப் புரதத்தை அது பிடிக்கிறது. சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிநீரை, வெறும் ஈ.கோலைச் சாற்றில் ஒருமணி நேரம் ஊறவைத்துவிட்டுச் சோதியுங்கள். வெற்றுப் பிளாஸ்மிட் போட்ட பாக்டீரியாவின் சாற்றைப் பூசிய குழிகளையும் பக்கத்தில் வையுங்கள்.

இரண்டாம் பாதி சுவாரசியமானது. வாத்தின் ஆன்டிபாடி ஐஜிஒய் இரண்டு நீளத்தில் வரும். ஒன்று முழு நீளம். மற்றது எஃப்சி எனும் கால் பகுதி இல்லாத குட்டை வகை. நோய் கண்டு நாளாக ஆகக் குட்டை வகைதான் மேலோங்கும். கோழி ஐஜிஒய்யின் கால் பகுதியைப் பிடித்து நிறம் காட்டும் இரண்டாம் ஆன்டிபாடியை வாங்கிப் போட்டால், காலே இல்லாதவனை அது எப்படிப் பிடிக்கும்? வாத்து ஐஜிஒய்க்கென்றே செய்த, இரண்டு வகையிலும் இருக்கும் இலகுச் சங்கிலியையும் பிடிக்கும் இரண்டாம் ஆன்டிபாடி வேண்டும். கோழிக்கு வாங்கியது மிச்சமிருக்கிறதே என்று அதையே வாத்துக்கு ஊற்றும் பழக்கத்தால் எத்தனை மாணவர்களின் மாதங்கள் போயிருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

வைரஸிலிருந்து ஒரு ஜீனை மட்டும் எப்படி நீக்குகிறார்கள்?

வைரஸின் முழு டிஎன்ஏவையும் பாக்டீரியா செயற்கைக் குரோமோசோம் என்ற பெரிய பிளாஸ்மிடுக்குள் ஏற்றி ஈ.கோலையில் வைத்துக்கொள்வார்கள். பேக் என்று சுருக்கமாகச் சொல்வது அதைத்தான். வைரஸ் இப்போது பாக்டீரியாவுக்குள் தூங்கும் டிஎன்ஏ. பாக்டீரியாவில் செய்யும் வெட்டு ஒட்டு எல்லாம் செய்யலாம். ரெட் மறுசேர்க்கை முறையில் இரண்டே படியில் ஒரு ஜீனைத் தழும்பு இல்லாமல் எடுத்துவிடலாம். பிறகு அந்த டிஎன்ஏவைப் பறவைச் செல்லுக்குள் செலுத்தினால் வைரஸ் எழுந்து வரும். வாத்து பிளேக்குக்கு இப்படிப்பட்ட பேக் நகல்களை பெர்லினிலும் சீனாவின் ஆய்வகங்களிலும் செய்திருக்கிறார்கள். செங்டூவில் இருக்கும் சிச்சுவான் வேளாண் பல்கலைக்கழகம் இந்த வைரஸின் ஜீன்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்துவரும் இடம். கட்டுரை தேட ஆரம்பித்தால் பாதிக்குப் பாதி அங்கேதான் போய் நிற்பீர்கள். உலகில் வாத்து அதிகம் வளர்க்கும் நாடு சீனா, ஆகவே வியப்பில்லை.

ஒன்றை மறக்காதீர்கள். நீக்கிய ஜீனை மறுபடி வைத்த 'திருப்பிய' வைரஸையும் கூடவே செய்ய வேண்டும். அது பழையபடி நடந்துகொண்டால்தான், நீங்கள் பார்த்த குறை அந்த ஜீனால் வந்தது என்று சொல்ல முடியும். இந்த வைரஸில் ஜீன்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன; ஒன்றை வெட்டும்போது பக்கத்து ஜீனின் தொடக்கத்தையும் சேர்த்து வெட்டியிருக்கலாம்.

மாரெக்ஸ் வைரஸ் நெருங்கிய உறவு என்றால், அங்கே கண்டதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. மாரெக்ஸ் வைரஸுக்கு ஜி-ஈயும் ஜி-ஐயும் இல்லாமல் வளர்ப்புச் செல்லில் பரவவே முடியாது. வாத்து பிளேக் வைரஸ் அவை இல்லாமல் மெதுவாகவாவது பிழைக்கிறது. மாரெக்ஸ் வளர்ப்புச் செல்லில் ஜி-டி யைக் கிட்டத்தட்ட உண்டாக்குவதே இல்லை, அது இல்லாமலே காலம் தள்ளுகிறது. பங்காளி வீடுதான், சமையல் வேறு.

கணினியில் வடிவத்தைக் கணித்தால் போதாதா? எதற்கு இத்தனை பாடு?

கணிப்பு நல்ல தொடக்கம். எந்த இடத்தில் வெட்டுவது, எந்தத் துண்டு வெளியே தெரியும் என்று முடிவு செய்ய நானும் அதைத்தான் பார்ப்பேன். ஆனால் ஜி-பி போன்ற புரதத்துக்கு ஒரு வடிவம் என்பதே கிடையாது, சவ்வுகள் இணைவதற்கு முன் ஒன்று, பின் ஒன்று. 2006-ல் வெளியான ஹெர்பெஸ் சிம்ப்ளெக்ஸ் ஜி-பி வடிவம் வேலை முடிந்து மடங்கிவிட்ட நிலை. வெறிநாய்க்கடி வைரஸின் உறவான விஎஸ்வி வைரஸின் புரதத்தோடு அது அச்சாக ஒத்திருந்தது. தொடர்பே இல்லாத இரண்டு வைரஸ்கள் ஒரே கொக்கியை வைத்திருந்ததைப் பார்த்து எல்லோரும் அசந்துபோனார்கள். ஆன்டிபாடி பிடிக்க வேண்டியது மடங்குவதற்கு முந்தைய நிலையை. கணினி உங்களுக்கு எந்த நிலையைக் காட்டுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போதுள்ள தடுப்பூசி எப்படி வந்தது?

டச்சுக்காரர்கள் இந்த வைரஸைக் கோழிக் கருவில் திரும்பத் திரும்ப வளர்த்தார்கள். கோழிக் கருவுக்குப் பழகப் பழக வாத்தைக் கொல்லும் குணம் போய்விட்டது. இந்தியாவில் கேரளத்தின் பாலோடு நிறுவனம் உட்பட அரசுக் கால்நடை உயிர்ப்பொருள் நிலையங்கள் வாத்து பிளேக் தடுப்பூசி தயாரிக்கின்றன. வழக்கமாக 8 முதல் 12 வார வயதில் முதல் ஊசி, பிறகு ஆண்டுக்கொரு முறை. உங்கள் ஊர் கால்நடை மருத்துவர் வேறு கணக்குச் சொன்னால் அதையே கேளுங்கள். உயிருள்ள ஊசி, ஐஸ் பெட்டி இல்லாமல் பைக்கில் வெயிலில் கொண்டுபோனால் வெறும் தண்ணீர்.

இந்த ஊசியில் ஆன்டிபாடி அளவு பல சமயம் பெரிதாக ஏறாது, ஆனாலும் வாத்து காப்பாற்றப்படும். செல் வழி நோயெதிர்ப்பு அங்கே அதிகம் வேலை செய்கிறது. எலைசா எண்ணை மட்டும் வைத்து 'ஊசி பலிக்கவில்லை' என்று எழுதிவிடாதீர்கள்.

இந்த வைரஸ் பெரியது, வேறு ஜீனையும் சுமக்கும். ஹார்பின் கால்நடை ஆய்வு நிறுவனம் எச்5என்1 பறவைக் காய்ச்சலின் எச்ஏ என்ற மேற்பரப்புப் புரதத்தின் ஜீனை இதற்குள் வைத்து, இரண்டு நோய்க்கும் ஒரே ஊசியாக வாத்துகளில் பலன் தருவதை 2011-ல் காட்டியது. வாத்து பிளேக்கைப் பறவைக் காய்ச்சல் என்று நினைத்துக் குழம்பிய 1923-ஐ நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

தப்பித்த வாத்து ஏன் மறுபடி நோயைப் பரப்புகிறது?

ஹெர்பெஸ் குணம். முகத்துக்கு வரும் முக்கிளை நரம்பின் முடிச்சில் போய்ப் படுத்துக்கொள்ளும், பறவைக்குக் களைப்போ முட்டைப் பருவமோ வரும்போது எழுந்து எச்சத்தில் வெளியேறும். நம் ஊரில் அறுவடை முடிந்த வயல்களில் மந்தை மந்தையாக ஓட்டிப் போகும்போது ஒரே வாய்க்காலில் பல மந்தைகள் இறங்கும். பார்க்க நன்றாயிருக்கும் ஒரு பழைய வாத்து போதும்.

மந்தையில் சாவு விழுந்துவிட்டது. ஆய்வகத்துக்கு என்ன அனுப்பலாம்?

முதலில் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சல் இல்லை என்று அவர் உறுதி செய்ய வேண்டும், அதுவரை செத்த பறவையை வெறுங்கையால் அறுக்காதீர்கள். அவர் எடுக்கும் கல்லீரல், மண்ணீரல், உணவுக்குழாய்த் துண்டுகள் ஐஸில் வர வேண்டும். இன்னொரு தொகுதி ஃபார்மலினில். அதில் வைரஸ் வளராது, ஆனால் செல்லின் உட்கருவில் வைரஸ் விட்டுப்போன அடையாளம் நுண்ணோக்கியில் தெரியும். உயிரோடிருக்கும் வாத்துகளில் இன்றைக்கு ஒருமுறையும், இரண்டு மூன்று வாரம் கழித்து அதே வாத்துகளில் இன்னொரு முறையும் ரத்தம் எடுத்தால் ஆன்டிபாடி ஏறியதா என்று பார்க்கலாம். காலில் வளையமோ கயிறோ கட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். குழாயின் மேல் ஒட்டும் சீட்டில் கடைசியாக ஊசி போட்ட தேதியை எழுதுங்கள். போடவே இல்லை என்றால் 'போடவில்லை' என்று எழுதுங்கள். அந்த இடத்தை வெற்றாக விட்டு வரும் குழாயில், எலைசாவில் நாங்கள் காணும் மஞ்சளுக்கு எங்களாலும் பொருள் சொல்ல முடியாது.